சைவ ரீச்சர் வாங்கிய வேதாகமம்

போன கிழமை சிவப்புப் பேனை வாங்குவதற்காகக் கிளிநொச்சியில் ஒரு புத்தகக் கடைக்குள் நுழைந்தேன். உள்ளே புதிதாகக் கலியாணம் முடித்தவர்கள் போல ஒரு சோடி நின்றது. அந்தப் பெண்ணின் இரண்டு கைகளிலும் இரண்டு வேதாகமங்கள். சந்தையில் பூசணிக்காய் வாங்குகிறவள் போல ஒன்றை ஏற்றி மற்றதை இறக்கி நிறை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது தங்க ஓரம் போட்டிருக்கு, வடிவா இருக்கு."

"மற்றதில படங்கள் கிடக்குதெல்லே" என்றான் அவன்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "தங்கச்சி, ஓரத்தைப் பாத்து எடுக்காதேங்கோ. உங்களுக்கு விளங்காத ஒரு இடத்தை நினைச்சுக்கொண்டு ரெண்டிலயும் அதே இடத்தைத் திறந்து பாருங்கோ. எது விளங்கப்படுத்துதோ அதை எடுங்கோ."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். என் முகத்தை அல்ல, நெற்றியை. அன்று வெள்ளிக்கிழமை. கோயிலிலிருந்து நேரே வந்திருந்தேன். நெற்றி நிறையத் திருநீறு, நடுவில் சந்தனம், அதற்குமேல் குங்குமம், தலையில் பிரசாதப் பூ வேறு. அந்தப் பிள்ளை மரியாதையாக "ஓம் அன்ரி" என்று சொல்லிவிட்டுக் கணவனை மற்றப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் பேனையை மறந்து, அவள் வைத்துவிட்டுப் போன புத்தகத்தை நடுவில் விரித்து முகர்ந்து பார்த்தேன். கடைக்காரத் தம்பி என்னை என்ன நினைத்திருப்பானோ தெரியாது.

வெங்காயத் தோல் போல மெல்லிய அந்தத் தாளுக்கென்று ஒரு வாசம் இருக்கிறது. புதுச் சப்பாத்துப் பெட்டியும் பசையும் கலந்தது போல. அது எனக்கு எந்தத் தேவாலயத்தையும் ஞாபகப்படுத்துவதில்லை. பளையிலிருந்து உள்ளே போகும் மணல் ரோட்டில் இருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தையும், அதன் நாவல் மரத்தடியையும்தான் ஞாபகப்படுத்துகிறது.

அதுதான் எனக்கு முதல் நியமனம். சண்டை முடிந்து, சனங்கள் முகாம்களிலிருந்து திரும்பி வந்து தறப்பாள் கூடாரத்தைக் கழற்றித் தகரக் கூரை போட்டுக்கொண்டிருந்த காலம். பள்ளிக்கூடத்தில் ஒரு நீளமான மண்டபம். அதற்குள்ளே வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் அலுமாரிகளே சுவர். நான் தமிழ் படிப்பித்தால் அங்கால் பக்கத்து வகுப்பு கணக்கோடு சேர்த்து அதையும் படிக்கும். நான் வவுனியாப் பக்கத்திலிருந்து வந்தவள். அப்பாவின் அப்பா காலத்தில் ஹற்றன் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். இதை ஏன் இப்போதே சொல்கிறேன் என்றால், நான் கதையை நடுவில் நிறுத்தி விளக்கம் சொல்லத் தொடங்கினால் திரும்பி வருவது கஷ்டம். என் மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் நாட்டில் சமயம் ஒரு பாடம். பிள்ளை எந்தச் சமயமோ அந்தச் சமயத்தைப் படித்து சாதாரணதரப் பரீட்சையில் எழுதவேண்டும். சைவப் பாடவேளை வந்தால் மண்டபம் முழுக்கத் தேவாரம் ஒலிக்கும். பதினோராம் வகுப்பில் இருந்த நான்கு கிறிஸ்தவப் பிள்ளைகள் மட்டும் கொப்பியைத் தூக்கிக்கொண்டு நாவல் மரத்தடிக்குப் போவார்கள். அவர்களுக்கு ரீச்சர் இல்லை. பழம் பொறுக்குவார்கள், அல்லது மணலில் கோடு கீறி விளையாடுவார்கள்.

ஒருநாள் அதிபர் என்னைக் கூப்பிட்டார். மெலிந்த மனிதர். சட்டைப் பை நிறையப் பேனை வைத்திருப்பார், ஒன்றும் எழுதாது.

"ரீச்சர், உங்களுக்கு அந்தச் சமயப் பாட நேரம் வேலை இல்லைத்தானே?"

"ஓம் சேர்."

"அந்த நாலு பிள்ளையளுக்கும் கிறிஸ்தவத்தை எடுங்கோவன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சேர், நான் சைவம்."

"அது தெரியும். ஆனா தமிழ் ரீச்சர்தானே? புத்தகம் தமிழிலதான் கிடக்குது" என்றார். பிறகு குரலைத் தணித்து, "அதுகள் சோதினையில வெறும் பேப்பரைக் குடுத்திட்டு வரப்போகுதுகள், பிள்ளை. பாவமெல்லே" என்றார். அந்தக் கடைசிச் சொல்லுக்குத்தான் நான் விழுந்தேன்.

முதல் பாடம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நான்கு பேரில் சாமுவேல் வாயே திறக்கமாட்டான். கால் பெருவிரலால் மணலைக் கிளறிக்கொண்டிருப்பான். சுகந்தியும் சுகன்யாவும் ஒன்றுவிட்ட சகோதரிகள். நான் எதைச் சொன்னாலும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரிப்பார்கள். நாலாவது ஜெபராணி. அவளுக்கு மற்ற மூன்று பேருடைய வாயும் சேர்த்துக் கொடுக்கப்பட்டிருந்தது.

பாடப்புத்தகத்தில் இயேசு கிணற்றடியில் ஒரு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கும் இடம். நான் தமிழ்ப் பாடம் போலவே நல்ல ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். எனக்கே என் குரல் பிடித்திருந்தது.

"ரீச்சர், தண்ணி கேட்டதுக்கு அந்த மனிசி ஏன் அப்பிடித் திடுக்கிட்டவா?" என்றாள் ஜெபராணி.

"அவா சமாரியா ஊர் ஆள்."

"ஊர் வேறையெண்டாத் தண்ணி குடுக்கமாட்டினமோ?"

"அது... அந்தக் காலம்."

"சமாரியர் எண்டா ஆர் ரீச்சர்?"

"அதை அடுத்த கிழமை பாப்பம்" என்றேன். அடுத்த கிழமையும் அதையேதான் சொன்னேன். மூன்றாவது முறை நான் வாயைத் திறக்க முன்னமே சுகந்தியும் சுகன்யாவும் "அடுத்த கிழமை" என்று பாட்டுப் போலச் சொல்லிச் சிரித்தார்கள். அன்று பின்னேரம் என் அறைத் தோழியிடம் போய், "எனக்கு ஒரு பைபிள் வேணும்" என்றேன்.

தோழி என்றது பரீதா ரீச்சரை. முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் பிள்ளை. சின்ன வயதில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்து கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பூமணி அக்கா என்பவருடைய வீட்டில் நாங்கள் இருவரும் ஒரு அறையை வாடகைக்கு எடுத்திருந்தோம். பரீதா திருத்திக்கொண்டிருந்த கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"வெறும் பைபிள் வாங்கி என்ன செய்யப் போறாய்? உனக்குத் தெரியாததுதானே பிரச்சினை. கீழ விளக்கம் போட்டது இருக்காம். அதை வாங்கு. நானும் வாறன், எனக்குச் சட்டைத்துணி பாக்கவேணும்."

சனிக்கிழமை பஸ் ஏறினோம். கிளிநொச்சியில் ஏ9 ரோட்டோரம், பாதி கட்டிய ஒரு கட்டடத்தின் கீழ்த்தட்டில் அந்தக் கடை இருந்தது. வசனம் எழுதிய கண்ணாடிச் சட்டங்கள், பாட்டுப் புத்தகங்கள், ஞானஸ்நான அட்டைகள், பிளாஸ்ரிக் பூச்சாடிகள். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்ட ஒரு அன்ரி கதிரையில் இருந்து விசிறிக்கொண்டிருந்தார். என் நெற்றிப் பொட்டையும் பரீதாவின் தலை முக்காட்டையும் ஒருமுறை பார்த்தார்.

"பிள்ளையள், துணிக்கடை அங்கால."

"இல்லை அன்ரி, வேதாகமம் பாக்க வந்தனாங்கள்" என்றேன்.

அன்ரி எழுந்தார். விசிறி கீழே விழுந்தது. "ஸ்தோத்திரம்!" என்றார். "ரெண்டு பேருமோ?"

எங்களுக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. பரீதா முக்காட்டுத் தலைப்பை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினாள். நான் அவசரமாக, நாலு பிள்ளைகள், நாவல் மரம், சோதனை, அதிபர் என்று எல்லாக் கதையையும் சொன்னேன். அன்ரியின் முகம் கொஞ்சம் வாடி, பிறகு முன்னையதைவிட அதிகமாக மலர்ந்தது. "அப்ப இன்னும் நல்லதாப் பாத்து எடுக்கவேணும்" என்று சொல்லி அலுமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினார்.

அப்படி எத்தனை விதம் இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஒன்று பழைய மொழிபெயர்ப்பு, ஒன்று புதியது. ஒன்றில் இயேசு பேசுவது மட்டும் சிவப்பு எழுத்தில். ஒன்றில் ஓரமெல்லாம் இந்த வசனத்துக்கு அந்த வசனத்தைப் பார் என்று குட்டி எழுத்துகள்; அங்கே போனால் அது இன்னொன்றைப் பார் என்கிறது, நம்முடைய அரசாங்கக் கந்தோர் மேசைகளைப் போல. ஒன்றில் பின்னுக்கு நிறவரைபடங்கள். ஒன்றுக்கு இழுத்து மூடுகிற சிப் பூட்டிய உறை.

"இதை எடுங்கோ, மழைக்கும் நனையாது" என்றார் அன்ரி.

"சிப் போட்டா திறக்கப் பஞ்சிப்பட்டு அப்பிடியே மூடி வச்சிடுவாய்" என்றாள் பரீதா என்னிடம்.

நான் வரைபடத்தில் மயங்கி நின்றேன். படம் வடிவாக இருந்தால் எனக்கு அறிவு வேலை செய்யாது. பரீதாதான் கணக்கு ரீச்சரின் புத்தியோடு கேட்டாள். "அந்தப் பெட்டை கேட்ட கேள்வி என்ன? எல்லாத்திலயும் அந்த ஒரு இடத்தைத் திற. ஒரே சோதினைப் பேப்பரை எல்லாத்துக்கும் குடுத்துப் பாப்பம்."

அன்ரிக்கு இந்த விளையாட்டு நன்றாகப் பிடித்துக்கொண்டது. அவரே மளமளவென்று கிணற்றடிப் பக்கத்தை எல்லாவற்றிலும் திறந்து வரிசையாகக் கிடத்தினார். சிவப்பு எழுத்துப் புத்தகம் ஒன்றுமே சொல்லவில்லை. சிப் பூட்டியது அரைப் பக்கத்துக்குப் பாவம், மனந்திரும்புதல் என்று பிரசங்கம் செய்தது. சமாரியர் யார் என்று மட்டும் சொல்லவில்லை. கடைசியாக, யாரும் கவனிக்காமல் ஓரத்தில் கிடந்த அரக்கு நிறத் தடித்த புத்தகம். அதன் அடிக்குறிப்பை அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். ஒரு அரசன் எங்கெங்கோ இருந்த சனங்களைக் கொண்டுவந்து அந்த மண்ணில் குடியேற்றினான். இருந்தவர்களோடு அவர்கள் கலந்து வாழ்ந்தார்கள். மற்றவர்கள் அவர்களைத் தங்கள் ஆட்களாக மதிப்பதில்லை. அவர்கள் தொட்ட பாத்திரத்தில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. இதுதான் சாரம். நேரான, எளிமையான தமிழ்.

பரீதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இதுதான்" என்றேன்.

பஸ்ஸில் துணிப் பார்சல் என் மடியில், வேதாகமம் பரீதாவின் மடியில். பரந்தனில் ஏறிய அவளுடைய சொந்தக்காரப் பெண் ஒருத்தி முன் சீட்டில் இருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கடைசியில் பொறுக்கமுடியாமல், "றாத்தா, இதென்ன?" என்றாள். "என்ர துணியை நான் கசக்கிப்போடுவன் எண்டு இதைத் தந்து இருத்தி வச்சிருக்கிறா" என்றாள் பரீதா. பளை வரும்வரை நாங்கள் இருவரும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தோம். ஒருவரை ஒருவர் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும்.

வீட்டில் நடந்தது வேறு. அந்தப் பாடத்தை எடுக்க முன்னமே விடுமுறை வந்து, வவுனியா போனபோது அம்மா என் பையைத் திறந்தார். அம்மா வன்னியிலேயே பிறந்து வளர்ந்தும் பேச்சில் மலைநாட்டை விடாதவர்.

"என்னா புள்ள இது? மதம் மாறிட்டியா? இனி ஒனக்கு எவன் மாப்புள கொண்டாருவான்?"

"படிப்பிக்க வாங்கினது அம்மா."

அம்மா புத்தகத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "சாமி புஸ்தகந்தானே? அதப் போயி உள்பாவாடையோட வச்சிருக்க" என்று ஏசிவிட்டு, கொண்டுபோய் முருகன் படத்துக்குப் பக்கத்தில் சாமித் தட்டில் வைத்துவிட்டார். விடுமுறை முடியும்வரை அதற்கும் சேர்த்து ஊதுபத்தி. நான் பாடம் தயாரிக்க அதை எடுக்கப்போனால் முதலில் கைகால் கழுவவேண்டியிருந்தது.

திரும்பி வந்தபோது ஊரில் வேறு ஒரு புகை. சைவ ரீச்சர் ஒருத்தி வேதம் படிப்பிக்கிறாள் என்று அங்கிருந்த கிறிஸ்தவ சபைக்குள் கதை. பிள்ளைகளை மறிக்கவேண்டும் என்று சிலர். மறித்தால் சோதனை என்ன ஆகும் என்று சிலர். ஒரு வியாழக்கிழமை போதகர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். உயரமான, கறுத்த, இளம் மனிதர். அதிபர் அவரை நேரே மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். "பாஸ்ரர் சும்மா இருந்து பாக்கப் போறாராம்" என்று சொல்லிவிட்டு அதிபர் மாயமாகிவிட்டார். சும்மா பார்ப்பதற்கு ஒருவர் அவ்வளவு இறுக்கமாகக் கை கட்டிக்கொண்டு இருக்கமாட்டார்.

அன்று நான் சொல்லவேண்டியது அதே கிணற்றடிக் கதை; கிழமை கிழமையாய்த் தள்ளிப்போட்ட கடன். அடிக்குறிப்பை வாசித்தேன். எங்கெங்கோ இருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்டவர்கள் என்ற இடத்தில் நிறுத்தினேன். பிறகு நான் தயாரித்திராத ஒன்றைச் சொல்லத் தொடங்கினேன்.

என் அப்பா சின்னப் பெடியனாக வயல்காரர் ஒருவர் வீட்டில் வேலைக்கு நின்றார். அங்கே, தோட்டத்து ஆள் என்பதால், அவருக்கென்று ஒரு தகரப் பேணி. அது வீட்டுக்குள் வராது. தாழ்வாரத்து ஓலைக் கிடுகுக்குள் செருகியிருக்கும். அப்பாவே எடுத்து நீட்டவேண்டும். மேலேயிருந்து தேத்தண்ணி ஊற்றுவார்கள். குடித்து, கழுவி, திரும்பச் செருகவேண்டும். அப்பாவுக்கு அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல கோப்பையில் கொடுத்தாலும் இரண்டு கையையும் நீட்டித்தான் வாங்குவார், சாகும்வரை. "அப்பிடிப்பட்ட ஒரு ஆளிட்டப் போய், உன்ர பாத்திரத்தில எனக்குக் குடிக்கத் தா எண்டு ஒருத்தர் கேட்டா, அந்த ஆளுக்கு எப்பிடி இருக்கும்? அதுதான் அந்த மனிசி திடுக்கிட்டவா" என்றேன்.

சுகந்தியும் சுகன்யாவும் சிரிக்கவில்லை. சாமுவேலின் கால்விரல் நின்றுவிட்டது. ஜெபராணிதான் கேட்டாள்.

"அப்ப ரீச்சர், நீங்களும் சமாரியரோ?"

"ஓம்" என்றேன்.

"அப்ப நாங்கள்?"

அதற்கு நான் பதில் சொல்லமுன் மேலேயிருந்து ஒரு நாவல் பழம் திறந்திருந்த பக்கத்தில் பொத்தென்று விழுந்து ஊதா நிறமாய் நசிந்தது. எல்லோரும் கொல்லென்று சிரித்துவிட்டார்கள், போதகரும்தான். பாடம் முடிந்ததும் அவர் எழுந்து வந்தார். நான் தீர்ப்புக்குக் காத்திருந்தேன்.

"ரீச்சர், இந்தப் புத்தகம் எங்க வாங்கினீங்கள்? ஒரு கிழமைக்குத் தரமாட்டீங்களோ?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பிரசங்கத்தில் என் அப்பாவின் பேணியைச் சொன்னாராம். திங்கட்கிழமை ஜெபராணி மூச்சு வாங்க ஓடிவந்து சொன்னாள்: "பாஸ்ரர் பேணி எண்டு சொல்லேக்க, தனக்கு முன்னால இருந்த தண்ணிக் கிளாசைத் தூக்கிக் காட்டினவர் ரீச்சர்."

ஆனால் அதற்கு முதல்நாளே, ஞாயிறு பின்னேரமே, எனக்கு விசயம் தெரிந்துவிட்டது. வீட்டுக்கார பூமணி அக்கா அந்தச் சபைதான். நல்ல மனிசி. காய்ச்சல் வந்தபோது எனக்குக் கஞ்சி வைத்துத் தந்தவர். நான் வந்த முதல் நாள் அவர் ஊர் கேட்டார். வவுனியா என்றேன். "அதுக்கு முன்னம் எவடம்?" என்றார். ஹற்றன் தோட்டம் என்றேன். அன்று தொடங்கி பரீதாவுக்குப் பூப்போட்ட கோப்பையிலும் எனக்கு ஒரு எவர்சில்வர் தம்ளரிலும் தேத்தண்ணி வரும். அந்தத் தம்ளர் குசினிக்குள், மற்றச் சமையல் பாத்திரங்களோடு, போகாது; பின்பக்கத் தூணில் அடித்த ஆணியில் தனியாகக் கவிழ்ந்திருக்கும். பரீதா ஒருமுறை சண்டை பிடிக்கப் போனாள். நான்தான் மறித்தேன். வாடகைக்கு வேறு அறை கிடைக்காது என்று அவளுக்குச் சொன்னேன். உண்மை என்னவென்றால், அதை வாயால் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்று பின்னேரம் பூமணி அக்கா வெள்ளைச் சேலையை மாற்றாமலே தேத்தண்ணியோடு வந்தார். இரண்டும் கோப்பை. எனக்குத் தந்தது நீலப்பூப் போட்டது, தட்டத்தோடு. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. பரீதா தன்னுடையதைத் தூக்கிப் பார்த்து, "அக்கா, எனக்கு மட்டும் காது உடைஞ்ச கோப்பையோ?" என்றாள்.

"ஆறப்போகுது, குடியுங்கோ பிள்ளையள்" என்று சொல்லிவிட்டு அவர் விறுவிறென்று குசினிக்குப் போய்விட்டார். சீனி கூடிய தேத்தண்ணி. நான் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்ததைப் பரீதாதான் கவனித்து, தன் கொப்பிகளுக்குத் திரும்பினாள்.

போதகர் ஒரு கிழமை என்று வாங்கிய வேதாகமத்தைத் திருப்பித் தர ஒரு பள்ளித் தவணை முழுக்க எடுத்தது. அதற்கிடையில் அவரே இரண்டு தரம் மரத்தடிக்கு வந்து பாடம் எடுத்துவிட்டார். தாய்மார் என் பெயரைச் சொல்லிப் பனங்கிழங்கு அனுப்பினார்கள். சோதனையில் நான்கு பேரும் பாஸ். வாய் திறக்காத சாமுவேலுக்குத்தான் அதிசிறந்த பெறுபேறு. அவன் என்னத்தை எழுதினானோ, இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. இடமாற்றம் கிடைத்துப் போகும்போது நான் அந்த அரக்குப் புத்தகத்தை ஜெபராணியிடம் கொடுத்தேன். "ரீச்சர், இதில ஊதுபத்தி மணக்குது" என்றாள்.

பரீதா இப்போது முல்லைத்தீவில் பிரதி அதிபர்; பெருநாளுக்கு வட்டிலப்பம் அனுப்புவாள். கிளிநொச்சியில் அந்த அன்ரியின் கடை இருந்த இடத்தில் போன் திருத்துகிறார்கள். அன்ரி மகனோடு கனடா போய்விட்டாராம். பூமணி அக்காவும் காலமாகிவிட்டார். செத்த வீட்டுக்குப் போய் மூன்று நாளும் நின்று வந்தேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் விளையாட்டுப் போட்டிக்கு அழைப்பு வந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மாடிக் கட்டடம் எழும்பியிருக்கிறது. வகுப்புகளுக்கு உண்மையான சுவர்கள். கிறிஸ்தவப் பாடத்துக்கென்றே முறையாகப் படித்த ஒரு ரீச்சர் நியமனம் பெற்று வந்திருக்கிறார் என்று சொன்னார்கள். எனக்கு அவரைப் பார்க்க ஆசை. கண்டுபிடித்துக் கதைத்தேன். சின்னப் பிள்ளை, நல்ல சிரிப்பு.

"உங்களிட்ட எத்தினை பிள்ளையள் படிக்கினம்?" என்றேன்.

"ஒருத்தரும் இல்லை மிஸ்" என்றார். "இருந்த குடும்பங்கள் வெளிநாடு, மற்றது பட்டணப் பக்கம் எண்டு போயிட்டுதுகள். கடைசியா இருந்த தங்கச்சியும் போன தவணையோட விலகீட்டுது."

"அப்ப அந்தப் பாட நேரத்தில என்ன செய்வீங்கள்?"

அவர் மாடிப்படிக்குக் கீழே இருந்த தன் மேசையைக் காட்டினார். அதன்மேல் விளக்கக் குறிப்புகளோடு ஒரு புது வேதாகமம், கரும்பலகையில் எழுத ஒரு பெட்டி வெள்ளைக்கட்டி, அழகாக வெட்டி ஒட்டிய படங்கள். "எல்லாம் ஆயத்தமாத்தான் வச்சிருக்கிறன் மிஸ்" என்றார்.